பழைய மோட்டார் எஞ்சின்களில் எண்ணெய்க் கசிவு
(அந்தமான் நிக்கோபார் தீவுகளின் நிலைமையை ஒட்டிய ஒரு பாடம்)

"பழைய வண்டி என்றால் எண்ணெய் ஒழுகத்தான் செய்யும்" என்பது மோட்டார் பணிமனைகளில் அடிக்கடி கேட்கப்படும் பேச்சாகும். வண்டியின் அடியில் ஒரு தகரத் தட்டை வைத்து, குறைந்த எண்ணெயை வாரந்தோறும் ஊற்றிக்கொண்டு வருவதோடு பலர் மனநிறைவு அடைந்துவிடுகின்றனர். வேறு சிலர், கசிவு தோன்றிய இடத்திலுள்ள ஆயில் சீலையோ கேஸ்கெட்டையோ உடனே மாற்றுகின்றனர். இரண்டு மாதங்களில் அதே இடத்தில் எண்ணெய் மீண்டும் ஒழுகக் கண்டு, உதிரிப் பாகத்தின் மீது குறை கூறுகின்றனர். இவ்விரு வழிகளும் பிழையானவை. எண்ணெய் வெளிப்படும் இடம் ஒன்று, அதை வெளித்தள்ளும் காரணம் இருக்கும் இடம் மற்றொன்று என்பதே பெரும்பாலும் உண்மை நிலை. அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தட்பவெப்பமும் பயண முறையும் இவ்வுண்மையை மிகத் தெளிவாக எடுத்துக்காட்டுகின்றன. எனவே அத்தீவுகளின் நிலைமையை முன்வைத்து இப்பொருளை ஆராய்வோம்.

தீவுகளின் நிலைமை

இத்தீவுக் கூட்டத்தில் தீவுகளும் திட்டுகளும் பாறைகளுமாக 836 உள்ளன. மக்கள் நிலையாக வாழ்பவை அவற்றுள் ஏறத்தாழ 31 மட்டுமே. ஆண்டு மழையளவு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர். மே முதல் டிசம்பர் வரை இரு பருவக்காற்றுகளும் மாறிமாறி மழை பொழிகின்றன. காற்றின் ஈரப்பதம் ஆண்டின் பெரும் பகுதியில் நூற்றுக்கு எண்பதை ஒட்டியே நிற்கிறது. தென் அந்தமானிலிருந்து வட அந்தமானிலுள்ள திக்லிப்பூர் நோக்கிச் செல்லும் அந்தமான் நெடுஞ்சாலையை நீக்கிவிட்டுப் பார்த்தால், வண்டிகளின் அன்றாடப் பயணம் பெரும்பாலும் சில கிலோமீட்டர் தொலைவே ஆகும். அந்நெடுஞ்சாலையிலும் ஜராவா பழங்குடியினரின் காப்புப் பகுதியை வண்டிகள் குறித்த நேரத்தில், வரிசையாக, மெதுவான வேகத்திலேயே கடத்தல் வேண்டும். பாராதாங் தீவுக்குச் செல்லும் வண்டிகள் நடு நீரிணையை மிதவைக் கலத்தில் ஏறிக் கடக்கின்றன.

உதிரிப் பாகங்கள் பெரும்பாலும் சென்னை, கொல்கத்தா, விசாகப்பட்டினம் ஆகிய துறைமுகங்களிலிருந்து கப்பலில் வரவேண்டியவை. 2024ஆம் ஆண்டு வரை போர்ட் பிளேர் எனப்பட்ட ஸ்ரீ விஜயபுரம், சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கப்பல் வந்துசேர மூன்று நாட்கள் அளவில் ஆகும். பிழையாகக் கணித்து வரவழைத்த ஓர் ஆயில் சீல், பணத்தை மட்டுமின்றிப் பல நாட்களையும் வீணாக்கிவிடும்.

இங்குப் பழைய வண்டி என்று குறிக்கப்படுபவை சிறப்பாக இரண்டு. முதலாவது, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவில் உருவாகி, 1940களின் பிற்பகுதி முதல் இந்தியாவில் மகிந்திரா நிறுவனத்தால் பொருத்தப்பட்ட வில்லிஸ் ஜீப்பு. அதன் எஞ்சின் நான்கு சிலிண்டர்களும் 2,199 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உடையது. இரண்டாவது, 1950களின் இறுதியிலிருந்து 2014 வரை மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் செய்யப்பட்ட அம்பாசடர். அதில் நெடுங்காலம் பயன்பட்ட பெட்ரோல் எஞ்சின் 1,489 கன சென்டிமீட்டர் கொள்ளளவு உடையது. இந்திய அரசு 2021இல் வெளியிட்ட விதிகளின்படி, முதற்பதிவு முடிந்து 50 ஆண்டுகளைக் கடந்த, மூல வடிவில் பேணப்படும் இருசக்கர, நாற்சக்கர வண்டிகள் பழம்பெரும் வண்டிகளாகத் தனிப்பதிவு பெறலாம். அடிச்சட்டத்தையோ உடற்கூட்டையோ எஞ்சினையோ பெரிதும் மாற்றியமைத்தல் அவ்விதிகளுக்கு ஒவ்வாது. ஆதலின் அத்தகைய வண்டியைப் பேணுவோர், புதிய எஞ்சினைப் பொருத்திச் சிக்கலினின்று தப்ப இயலாது. பழைய அடைப்பு முறைகளையே அறிந்து பழுது நீக்குதல் வேண்டும்.

எண்ணெய் எவ்வாறு அடைக்கப்படுகிறது

மாட்டு வண்டியின் அச்சுக்கு மை இடுவது எதற்கோ, எஞ்சினுக்கு எண்ணெய் இடுவதும் முதன்மையாக அதற்கே. ஒன்றோடொன்று உராயும் இரு உலோகப் பரப்புகளுக்கு இடையே மெல்லிய எண்ணெய்ப் படலம் நின்று, அவை நேரே தொடாதவாறு காக்கிறது. அதனோடு வெப்பத்தை அகற்றுதல், கரித்தூளைச் சுமந்து செல்லுதல், துருவைத் தடுத்தல் ஆகிய பணிகளையும் எண்ணெய் செய்கிறது. அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியிலிருந்து பம்பு எண்ணெயை இழுத்து, குழல்களின் வழியே அழுத்தத்துடன் பேரிங்குகளுக்கு அனுப்புகிறது. அங்கிருந்து வழியும் எண்ணெய் மீண்டும் தொட்டியை அடைகிறது. தொட்டியும் கிராங்க் தண்டு சுழலும் வெளியும் சேர்ந்ததே கிராங்க் அறை. இதனுள் எண்ணெய் தெறிப்பாகவும் ஆவியாகவும் நிறைந்திருக்கும். ஆயினும் இவ்வறையில் அழுத்தம் இருத்தல் கூடாது; வெளிக்காற்றின் அழுத்தத்திற்குச் சமமாகவோ சற்றுக் குறைவாகவோ இருப்பதே முறை. இவ்விதியை மாணவர் மனத்தில் நன்கு பதித்தல் வேண்டும். பின்னர்க் கூறப்படுவன யாவும் இதனையே சார்ந்தவை.

பழைய எஞ்சின்களில் எண்ணெயைத் தடுக்கும் ஏற்பாடுகள் மூவகைப்படும்.

முதலாவது கயிற்று அடைப்பு. கிணற்றுப் பம்புகளில் தண்டைச் சுற்றி எண்ணெய் தோய்ந்த கிளாண்டுக் கயிறு வைத்து இறுக்குவதைக் களப் பணியாளர் அறிவர். பழைய ஜீப்பு எஞ்சின்களில் கிராங்க் தண்டின் பின்முனையைச் சுற்றியும் இதே முறை கையாளப்பட்டது. பென்சில்கரி தோய்ந்த முறுக்குக் கயிறு, பாதி மேற்பள்ளத்திலும் பாதி கீழ்மூடியிலும் அமர்ந்து தண்டைத் தழுவி நிற்கும். நாளடைவில் கயிறு தேய்ந்து இறுகிவிடுகிறது. பின்னர் வந்த எஞ்சின்களில் இவ்விடத்தை ரப்பர் உதடு உடைய ஆயில் சீல் பெற்றது. அவ்வுதடு வெப்பத்தால் இறுகும்போதும், தண்டில் பள்ளம் விழும்போதும் எண்ணெய் வெளியேறும்.

இரண்டாவது திருகு அடைப்பு. அம்பாசடரின் பழைய எஞ்சினில் கிராங்க் தண்டின் பின்முனையில் திருகாணியின் மரை போன்ற சுருட்பள்ளம் வெட்டப்பட்டிருக்கும். தண்டு சுழலும்போது அப்பள்ளம் எண்ணெயை உள்நோக்கித் திருப்பி அனுப்பும். இங்கே தொட்டு உராயும் பொருள் ஒன்றும் இல்லை. தண்டிற்கும் உறைக்கும் இடையே மயிரிழை போன்ற இடைவெளி மட்டுமே உண்டு. ஆகவே தண்டு சுழலாதபோது இதற்கு ஆற்றல் இல்லை. வண்டியை முகப்பு மேலாகச் சரிவில் நிறுத்தினால் எண்ணெய் பின்வழியே சிறிது ஒழுகலாம். பேரிங் தேய்ந்து தண்டு கீழிறங்கினால் இடைவெளி ஒருபுறம் மிகுந்து, ஓடும்போதும் ஒழுகும். தொட்டியில் அளவுக்கு மேல் எண்ணெய் ஊற்றுவதும் இதே விளைவைத் தரும்.

மூன்றாவது கேஸ்கெட். டேப்பட் மூடி, டைமிங் மூடி, எண்ணெய்த் தொட்டி ஆகியவற்றின் விளிம்புகளுக்கு இடையே தக்கை, தடித்த தாள் முதலியவற்றால் ஆன கேஸ்கெட் வைக்கப்படுகிறது. தக்கை ஒரு மரப்பட்டை ஆதலின் உலர்ந்தால் சுருங்கும், ஈரத்தில் உப்பும். நெடுநாள் பெட்டியில் கிடந்த கேஸ்கெட்டின் துளைகள் போல்ட்டுகளுக்கு நேரே அமையாமல் போவது இதனாலேயே. சிறிது நேரம் வெந்நீரில் ஊறவைத்தால் அது பழைய அளவுக்குத் திரும்புவதுண்டு.

எஞ்சினின் மூச்சு

மேற்கூறிய மூவகை அடைப்புகளும் தெறிக்கும் எண்ணெயைத் தடுப்பதற்கே அமைந்தவை. அழுத்தத்தோடு வரும் எண்ணெயைத் தடுக்கும் வலிமை அவற்றுக்கு இல்லை. ஆனால் கிராங்க் அறையில் அழுத்தம் உண்டாகும் வாய்ப்பு எப்போதும் உள்ளது. சிலிண்டரில் எரியும் வாயுவில் ஒரு சிறு பங்கு பிஸ்டன் ரிங்குகளைக் கடந்து கீழே இறங்குகிறது. புதிய எஞ்சினிலும் இது நிகழும். ரிங்குகள் தேய்ந்த எஞ்சினில் மிகும். அவ்வாயு வெளியேறுவதற்கென அமைக்கப்பட்ட வழியே பிரீதர் எனப்படும் மூச்சுக்குழல் ஆகும்.

அம்பாசடரின் பழைய எஞ்சினில் பக்கவாட்டு மூடியிலிருந்து ஒரு குழல் கீழ்நோக்கி இறங்கும். வண்டி ஓடும்போது அதன் முனையைக் கடந்து செல்லும் காற்று, உள்ளிருக்கும் வாயுவை இழுக்கும். மணிக்கு 40 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகத்தில் இவ்விழுப்பு மிகச் சிறிதே. வில்லிஸ் ஜீப்பில் முறை வேறு. அதன் கிராங்க் அறையிலிருந்து ஒரு குழல், சிறு வால்வு ஒன்றின் வழியே எஞ்சினின் காற்றிழுப்புக் குழாயோடு இணைக்கப்பட்டிருக்கும். எஞ்சின் தானே தன் கிராங்க் அறையின் வாயுவை இழுத்து எரித்துவிடும். நீர்நிலைகளைக் கடக்க வேண்டிய போர் வண்டிக்குக் கீழே திறந்த குழல் ஒவ்வாது என்பது இங்கு நினைக்கத்தக்கது.

இம்மூச்சுவழி அடைபட்டால் நிகழ்வது யாது? உள்ளே சேரும் வாயு வேறு வழி தேடும். எந்த அடைப்பு மிக வலுவற்றதோ அதன் வழியே எண்ணெயையும் தள்ளிக்கொண்டு வெளிவரும். அங்கே புதிய சீலைப் பொருத்தினால், அடுத்த வலுவற்ற இடம் ஒழுகத் தொடங்கும். ஒன்றன்பின் ஒன்றாகப் பல இடங்களில் கசிவு தோன்றுமாயின் முதலில் ஐயுறத்தக்கது மூச்சுக்குழலே.

தீவுகளில் இவ்வழி விரைவில் அடைபடுவதற்குத் தனிக் காரணங்கள் உண்டு. 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 1 லிட்டர் நீர் உண்டாகிறது. பெட்ரோலிலுள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கூடுவதால் விளைவது இது. அந்நீரிற் பெரும்பகுதி ஆவியாகிப் புகைபோக்கி வழியே வெளியேறிவிடும்; ஒரு சிறு பங்கு மட்டும் ரிங்குகளைக் கடந்து கிராங்க் அறையை அடையும். எஞ்சின் முழுச் சூடு பெற்று அரை மணி நேரம் அளவில் ஓடினால் அந்நீர் ஆவியாகி மூச்சுக்குழல் வழியே போய்விடும். மூன்று நான்கு கிலோமீட்டர் ஓடியவுடன் எஞ்சினை நிறுத்தும் வண்டியில் அவ்வாறு நிகழ்வதில்லை. நீர் எண்ணெயோடு கலந்து, மோரைப் போன்ற வெண்பழுப்புக் குழம்பாகி, கரித்தூளோடு சேர்ந்து சேறாகிறது. அச்சேறு மூச்சுக்குழலின் கம்பிவலையிலும் ஜீப்பின் சிறு வால்விலும் படிந்து வழியை அடைக்கிறது.

வெளிக்காற்றின் ஈரமும் இதற்குத் துணை செய்கிறது. 30 பாகை வெப்பமும் நூற்றுக்கு எண்பது ஈரப்பதமும் உடைய காற்று, ஏறத்தாழ 26 பாகைக்குக் குளிர்ந்தவுடனே பனிநீரை விடத் தொடங்கும். அதே வெப்பத்தில் ஈரப்பதம் நூற்றுக்கு நாற்பதாக இருந்தால் ஏறத்தாழ 15 பாகை வரை குளிர வேண்டும். எனவே உள்நாட்டின் வறண்ட ஊர்களில் நிறுத்திவைத்த எஞ்சினைவிடத் தீவில் நிறுத்திவைத்த எஞ்சினுள் நீர் எளிதில் படியும். உப்புக் காற்றால் தொட்டியின் தகர விளிம்பு துருப்பிடித்துக் கேஸ்கெட் அமரும் பரப்பு கரடாவதும் உண்டு.

கசிவின் மூலத்தைக் கண்டறிதல்

கசிவை ஆராய்வோர் கீழ்வரும் வரிசையைப் பின்பற்றுதல் நலம்.

1. ஒழுகுவது எது என்று முதலில் துணிக. இரவில் வண்டியின் அடியில் வெள்ளைத் தாளை விரித்துவைத்தால் துளி விழும் இடமும் நிறமும் புலப்படும். எஞ்சின் எண்ணெய் பழுப்பாகவோ கறுப்பாகவோ இருக்கும். கியர் எண்ணெய் தடித்துக் கந்தக நாற்றம் வீசும். பிரேக்குத் திரவம் நீரில் கழுவினால் போய்விடும். எஞ்சினும் கியர்ப் பெட்டியும் கூடுமிடத்தில் உள்ள வடிகால் துளையில் எண்ணெய் சொட்டினால், அது எஞ்சினின் பின்முனையிலிருந்தும் வரலாம், கியர்ப் பெட்டியின் முன்முனையிலிருந்தும் வரலாம். நாற்றமே அவற்றைப் பிரித்துக் காட்டும்.

2. அளவுகோலை உருவி எண்ணெயின் மட்டத்தைப் பார்க்க. மட்டம் குறையாமல் ஏறியிருந்தால் பெட்ரோல் பம்பின் சவ்வு கிழிந்து பெட்ரோல் கலந்திருக்கலாம். விரலில் தொட்டு முகர்ந்தால் விளங்கும். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கென அமைக்கப்படாத பழைய சவ்வுகளில் இக்குறை தோன்ற இடமுண்டு. பெட்ரோல் கலந்த எண்ணெய் நீர்த்துப்போய் எளிதில் ஒழுகும். தீப்பற்றும் அபாயமும் உடையது. அந்நிலையில் எஞ்சினை இயக்குதல் ஆகாது.

3. மூச்சுக்குழலைக் கழற்றி, அதன் கம்பிவலையையும் வால்வையும் மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்துக. பின்னர் எஞ்சினை மெதுவாக இயக்கி, எண்ணெய் ஊற்றும் வாயின் மேல் மெல்லிய தாள் ஒன்றை வைக்க. தாள் சிறிதே அதிர்ந்தாலும் உட்புறம் இழுபட்டாலும் குறையில்லை. விடாது மேலெழுந்து பறந்தால் உள்ளே அழுத்தம் உள்ளது. மூச்சுக்குழல் தூய்மையாக இருந்தும் இவ்வாறு நிகழுமாயின் ரிங்குகளும் சிலிண்டர்களும் தேய்ந்தன என்று கொள்ளலாம். சிலிண்டரின் அமுக்கத்தை அளந்து, பின் ஒரு கரண்டி எண்ணெயைச் சிலிண்டரில் விட்டு மீண்டும் அளந்தால் அளவு உயருமாயின் குறை ரிங்குகளில் உள்ளது என்பது உறுதி.

4. இவற்றின் பின்னரே கசியும் இடத்தைத் தேடுக. எஞ்சினின் புறத்தை நன்கு கழுவி உலர்த்தி, முகப்பவுடரையோ சுண்ணப் பொடியையோ தூவி, கால் மணி நேரம் இயக்குக. எண்ணெய் கீழ்நோக்கி வழியும். விசிறிக் காற்றால் பின்நோக்கியும் தள்ளப்படும். ஆகவே ஈரம் தெரியும் இடங்களுள் மிக மேலானதும் மிக முன்னுள்ளதுமே மூலம். டேப்பட் மூடியிலிருந்து வழிந்த எண்ணெய் எஞ்சினின் பின்முனையில் சொட்டுவதைக் கண்டு, எஞ்சினையே இறக்கிப் பின்முனை அடைப்பை மாற்றத் தொடங்குவது பெரும் வீண் செலவாகும்.

பழுது நீக்கும்போது நோக்கத்தக்கவை

கேஸ்கெட் ஒழுகினால் போல்ட்டை மேலும் இறுக்குவது இயல்பாகத் தோன்றும் வழி. அதுவே பல வேளைகளில் கேடாகிறது. மிகுதியாக இறுக்கிய தகர மூடியின் விளிம்பு, போல்ட்டுத் துளையைச் சுற்றிக் குழிந்து, இரு துளைகளுக்கு இடையே மேலெழும்பிவிடும். பின்னர் எந்தக் கேஸ்கெட்டும் அங்கே அமராது. மூடியைக் கழற்றி, விளிம்பை மரக்கட்டையின் மேல் வைத்து மெல்லத் தட்டிச் சமப்படுத்தி, துருவை நீக்கிய பின்னரே புதிய கேஸ்கெட்டை இடுதல் வேண்டும். போல்ட்டுகளை நடுவிலிருந்து இருபுறமும் மாறிமாறிச் சிறிது சிறிதாக இறுக்குக. கயிற்று அடைப்பை எண்ணெயில் ஊறவைத்து, பள்ளத்தில் உருளைக் கட்டையால் அழுத்தி அமர்த்துதல் வேண்டும்.

பழங்காலத்துக் கயிறுகளிலும் சில கேஸ்கெட்டுகளிலும் கல்நார் கலந்திருந்தது. அதன் தூள் நுரையீரலில் புகுந்தால் பல ஆண்டுகளுக்குப் பின்னும் கொடிய நோய் விளையும். எனவே பழைய அடைப்புகளை உலர்ந்த நிலையில் சுரண்டுதலும், காற்றடித்து ஊதுதலும் கூடா, நனைத்தே அகற்றுக. ஓடித் தீர்ந்த கறுப்பு எண்ணெய் தோலில் நாள்தோறும் படுவதும் தீங்கானது. கையுறை அணிதலும் சோப்பினால் கழுவுதலும் வேண்டும்.

கசிவை நிறுத்தும் எனக் கூறி விற்கப்படும் கலவைகள் ரப்பரைச் சிறிது உப்பச் செய்பவை. திருகு அடைப்பிலும் தக்கையிலும் அவற்றால் பயனில்லை. புதிய வகை எண்ணெய் ஊற்றியதால் கசிவு வந்தது என்னும் கருத்தும் ஆராயத்தக்கது. அழுக்கைக் கரைக்கும் பொருள் கலந்த எண்ணெய், இடுக்குகளை அடைத்திருந்த பழஞ்சேற்றைக் கரைத்துவிடுகிறது. முன்பே இருந்த கசிவு அப்போது வெளிப்படுகிறது, புதிதாக உண்டாவதன்று.

ஒரு துளியின் கணக்கு

எண்ணெய்த் துளி நீர்த்துளியைவிடச் சிறியது. ஏறத்தாழ 40 துளிகள் சேர்ந்தால் 1 மில்லிலிட்டர் எனக் கொள்ளலாம். நிமிடத்திற்கு ஒரு துளி ஒழுகினால் நாளொன்றுக்கு 1,440 துளிகள், அதாவது 36 மில்லிலிட்டர். முப்பது நாட்களில் அது 1 லிட்டரைக் கடந்துவிடும். வில்லிஸ் ஜீப்பின் எண்ணெய்த் தொட்டி கொள்ளுவது ஏறத்தாழ 4 லிட்டர் என்பதை இதனோடு ஒப்பிடுக. கசிவு இரவும் பகலும் ஒரே அளவில் இராது என்பது மெய்யே. ஆயினும் சிறு துளி பெருவெள்ளம் என்பதற்கு இக்கணக்கு தக்க சான்றாகும்.

வண்டிக்கு நேரும் இடர் முதலில் தோன்றும். பின்முனையில் ஒழுகும் எண்ணெய் கிளச்சுத் தட்டில் படிந்தால் கிளச்சு வழுக்கும். தீவுகளின் மேட்டுச் சாலையிலும், மிதவைக் கலத்தின் சாய்வுப் பலகையில் ஏறும் வேளையிலும் கிளச்சு வழுக்கினால் உயிருக்கே இடர் நேரலாம். டேப்பட் மூடியின் எண்ணெய் சூடேறிய புகைக் குழாயில் விழுந்தால் தீப்பற்றக்கூடும்.

அடுத்து நேரும் இடர் வண்டியோடு நிற்பதன்று. சாலையிலும் துறையிலும் கலத்தின் தளத்திலும் விழுந்த எண்ணெயை மழை கழுவி ஓடைகளுக்குக் கொண்டுசெல்கிறது. தீவில் ஓடைக்கும் கடலுக்கும் இடையே தொலைவு மிகக் குறைவு. நீரின் மேல் எண்ணெய் வானவில் நிறம் காட்டும் படலமாகப் பரவும்போது அதன் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே இருக்கலாம். 0.3 மைக்ரான் தடிப்புடன் பரவினால் 1 லிட்டர் எண்ணெய் 3,300 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நீர்ப்பரப்பை மூடும்.

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் அலையாத்திக் காடுகள் ஏறத்தாழ 600 சதுர கிலோமீட்டர் பரப்பில் உள்ளன. பாராதாங் தீவின் ஓடைக்கரைகளிலும் அவை அடர்ந்து நிற்கின்றன. அவ்வகை மரங்கள் நிற்கும் சேற்றில் காற்று இல்லை. ஆதலால் சுரபுன்னை போன்ற மரங்கள் சேற்றுக்கு மேலே வளைந்து நிற்கும் தாங்கு வேர்களிலும், வெண்கண்டல் போன்றவை சேற்றிலிருந்து மேலெழும் சுவாச வேர்களிலும் உள்ள நுண்துளைகளின் வழியே காற்றைப் பெறுகின்றன. ஓத நீரோடு ஏறி இறங்கும் எண்ணெய் அவ்வேர்களில் பூச்சாகப் படிந்தால் துளைகள் அடைபடும். மிகுந்தால் மரம் பட்டுப்போகும். எஞ்சினின் மூச்சுவழி அடைபட்டதால் வெளிவந்த எண்ணெய், மரத்தின் மூச்சுவழியை அடைக்கிறது. நண்டும் இறாலும் மீன்குஞ்சும் வளரும் இடம் அக்காடே என்பதால், இழப்பு மரத்தோடு முடிவதில்லை.

களப் பணியாளர் செய்யத்தக்கவை

வாரத்தில் ஒரு நாளேனும் வண்டியை எஞ்சின் முழுச் சூடு பெறும்வரை நெடுந்தொலைவு ஓட்டுக. ஒவ்வொரு முறை எண்ணெய் மாற்றும்போதும் மூச்சுக்குழலைக் கழுவுக. குறும்பயணமே மிகுதியாயின் கிலோமீட்டரைக் கணக்கிடாமல் மாதத்தைக் கணக்கிட்டு எண்ணெயை மாற்றுக. ஊற்றிய எண்ணெயின் அளவைப் பதிவேட்டில் குறித்துவருக; கசிவு மிகுவதை அதுவே முதலில் அறிவிக்கும். வண்டி நிற்கும் இடத்தில் தட்டு வைத்து, சிந்திய எண்ணெயின் மேல் மரத்தூளைத் தூவி அள்ளுக; சோப்புநீர் விட்டுக் கால்வாயில் கழுவுதல் தீங்கை இடம் மாற்றுவதே அன்றி நீக்குவதன்று. கறுப்பு எண்ணெயை வேலிக்கால்களுக்குப் பூசும் வழக்கமும் கைவிடத்தக்கது. 2016ஆம் ஆண்டின் விதிகளின்படி பயன்படுத்திய எண்ணெய் அபாயகரமான கழிவாகும். மூடிய கலத்தில் சேர்த்து, அதனைப் பெறுவதற்கு உரிமம் பெற்றோரிடமே ஒப்படைத்தல் வேண்டும்.

வகுப்பறைச் சோதனைகள்

சோதனை 1. மருந்துத் துளிப்பானில் எஞ்சின் எண்ணெயை எடுத்து, 1 மில்லிலிட்டருக்கு எத்தனை துளிகள் என்று எண்ணுக. அவ்வாறே நீரையும் எண்ணுக. இரண்டும் வேறுபடுவதன் காரணம் பரப்பு இழுவிசை என்பதை விளக்குக. பின்னர் நிமிடத்திற்கு ஒரு துளி வீதம் மாதக் கணக்கை மாணவரே செய்க.

சோதனை 2. அகன்ற தாம்பாளத்தில் நீர் நிரப்பி மேலே முகப்பவுடரை மெல்லத் தூவுக. ஊசிமுனையில் தொட்ட தேங்காய் எண்ணெயை நடுவில் வைக்க. பவுடர் நொடிப்பொழுதில் ஓரத்திற்கு விலகும். ஊசிமுனை அளவு எண்ணெய் எத்துணைப் பரப்பை மூடுகிறது என்பதை மாணவர் கண்ணாரக் காண்பர்.

சோதனை 3. பாதியளவு நீர் நிரம்பிய பிளாஸ்டிக் குப்பியின் பக்கத்தில், நீர்மட்டத்திற்குச் சற்றுக் கீழே ஊசியால் ஒரு துளை இடுக. வாயில் ஓர் உறிஞ்சு குழலைச் செருகிச் சுற்றிலும் களிமண்ணால் அடைத்து, குழல் வழியே ஊதுக. துளையிலிருந்து நீர் தொலைவில் பாயும். பின்னர்க் குப்பியின் மேற்பகுதியில் பெரிய துளை ஒன்று இட்டு அதே விசையுடன் ஊதுக. நீர் பாயாது, மெல்ல வடியும். மேல் துளையே மூச்சுக்குழல், ஊசித்துளையே ஆயில் சீல், ஊதும் காற்றே ரிங்குகளைக் கடந்த வாயு. ஊசித்துளையை மெழுகால் அடைக்க முயலும் மாணவனிடம், முதலில் மேல் துளை திறந்துள்ளதா என்று பார்க்கச் சொல்லுக. இப்பாடத்தின் கருத்து அவனுக்கு அப்பொழுதே விளங்கிவிடும்.